முன்பக்கம் மிஸி, பின்பக்கம் நான்

ஏறாவூரில் ஒரு பள்ளிவாசலுக்குத் தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் தொட்டியைக் கட்டியவன் நான். எத்தனையோ மாரி போய்விட்டது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. காத்தான்குடிக் கடைத்தெருவில், இரண்டு பக்கமும் கடைகள் தோளை உரசிக்கொண்டு நிற்க, கல் இறக்கி வைக்கவும் இடமில்லாத ஒரு துண்டு நிலத்தில் மூன்று மாடிப் புடவைக்கடையை எழுப்பியவன் நான். கடலோரக் கிராமமொன்றில் மாதா கோயிலின் மணிக்கூண்டு என் கையால் எழுந்தது. போர் நடந்த பிரச்சினைக் காலத்தில், ஒரு மூடை சீமெந்து கொண்டுவருவதற்கும் பாஸ் கேட்ட நாட்களில், சுண்ணாம்பையும் களிமண்ணையும் குழைத்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டிக் கொடுத்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பழுகாமத்து வட்டையில் விளைந்த நெல்லுக்குக் கிளி விரட்டிக்கொண்டு நின்றேன். காகிதத்தில் படம் கீறிக் கட்ட எனக்குத் தெரியாது. நான் கட்டி முடித்த பிறகு மற்றவர்கள் வந்து படம் கீறிக்கொண்டு போவார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிச் சொல்லப்போவது சமைக்கிற குசினிகளையும் கக்கூசுகளையும் பற்றியது. இவன் அதைத்தவிர வேறொன்றும் கட்டத் தெரியாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இத்தனையும் கட்டிய என் சுவரைக் குடையால் தட்டிப் பார்த்த ஒரே ஆள் மிஸி. எங்கள் பக்கத்தில் நேர்ஸ்மாரையும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுகளையும் மிஸி என்றுதான் கூப்பிடுவது. மட்டக்களப்பு டவுனில், புளியந்தீவில் எத்தனையோ மிஸிமார் இருந்தார்கள், ஆனால் வெறுமனே மிஸி என்று சொன்னால் அது இவர் ஒருவர்தான். மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவர், கலியாணம் முடிக்காதவர், வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. அந்தக் குடையை மழைக்கோ வெயிலுக்கோ விரித்ததை நான் அதிகம் கண்டதில்லை. அதன் கைப்பிடி வளைந்த மரம், நுனி பித்தளை. அந்தப் பித்தளை நுனியால் சுவரைத் தட்டி, தலையைச் சாய்த்து, பிள்ளை வயிற்றில் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கிறவரைப்போலக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது அந்தக் குடை என்னிடம் இருக்கிறது. அது என் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான், போன மாதம் மிஸி இருந்த ஒழுங்கையின் வாயிலில் நட்ட கல்லில் என் பெயர் ஏன் இருக்கவேண்டும் என்பது விளங்கும்.

வாவிப் பக்கமாக இறங்கிப் போகிற ஒழுங்கை, ஒடுங்கிய தெரு அது. இரண்டு மாட்டுவண்டில் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும், அவ்வளவு அகலம். ஒரு பக்கம் நீளத்துக்கு மதில், மறுபக்கம் வரிசையாகப் பழைய வீடுகள். ஒல்லாந்தன் காலத்து வீடுகளைப் பார்த்துக் கட்டிய தடித்த சுவர், உருண்ட தூண் வைத்த விறாந்தை, பலகைக் கதவு போட்ட உயரமான யன்னல், பாசி பிடித்த ஓடு. இந்துக்காரரும் கிறிஸ்தவர்களான வேதக்காரரும் காத்தான்குடி வியாபாரி ஒருவரின் குடும்பமும் அந்த வரிசையில் சுவரோடு சுவராக இருந்தார்கள். மிஸி அங்கேயே பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே பென்சனுக்குப் போனவர். ஒவ்வொரு வீட்டிலும் எந்த அறையில் யார் பிறந்தது என்பது அவருக்குத் தெரியும். ஒரு வீட்டைக் காட்டி, இது இன்ன காலத்தில் இன்னார் கட்டியது என்று சொல்லமாட்டார். இந்த யன்னலுக்குக் கீழேதான் இன்னாள் பிறந்தாள், பிறந்தவுடன் அழவில்லை, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினேன் என்றுதான் சொல்லுவார். ஊருக்கு அந்த ஒழுங்கை பழைய கட்டிடம். மிஸிக்கு அது பேறு பார்த்த அறைகளின் வரிசை.

நான் அவரை முதலில் கண்டது இளந்தாரி வயதில். அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டின் விறாந்தைச் சுவருக்குச் சீமெந்து பூசிக்கொண்டு நின்றேன். பின்னால் டக் டக் என்று சத்தம். திரும்பினால் மிஸி, நான் பூசிய ஈரம் காயாத இடத்தில் குடை நுனியை வைத்திருக்கிறார்.

"எந்த ஊர் மனே?"

"பழுகாமம்."

"படுவான்கரையா? அங்க மண்வீட்டுக்குச் சாணி மெழுகுவீங்களா, பெயிண்ட் அடிப்பீங்களா?"

"மெழுகுவம்."

"மறுகா இந்தக் கிழவனுக்கு மட்டும் ஏன் மூக்க அடைக்கிறாய்? சுண்ணாம்புச் சுவர் கா இது. மூச்சு முட்டிச் செத்துப் போகும்."

எனக்குக் கோபம் வந்தது. வாவிக்கு மேற்கே இருக்கிற எங்களைப் படுவான்கரையான் என்று டவுன்காரர் சொல்லும்போது அதில் ஒரு இளக்காரம் இருக்கும், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஆனால் இவர் இளக்காரமாகக் கேட்கவில்லை. உன் ஊரில் உனக்குச் செய்யத் தெரிந்ததை இங்கே வந்து மறந்துவிட்டாய் என்றுதான் சொன்னார். பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு நீற்றிப் பூசினேன். அன்று தொடக்கம் அந்த ஒழுங்கையில் ஒரு ஓடு உடைந்தாலும் மிஸி என்னைத்தான் கூப்பிடுவார். சண்டை பிடிப்பதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்.

மிஸியின் பாதுகாப்பு வேலை என்று இன்று மேடைகளில் பெரிய சொல்லில் சொல்கிறார்கள். நான் கண்ட வேலை வேறு மாதிரி. பிரச்சினைக் காலத்தில் குடும்பம் குடும்பமாகச் சனம் வெளிக்கிட்டுப் போனபோது, போகிறவர்கள் எல்லோரும் வீடு பூட்டிய திறப்பை மிஸியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொரு காலையும் வீடு வீடாகத் திறந்து, யன்னல்களை அகலத் தள்ளி, காற்று உள்ளே போய் வரும்வரை விறாந்தையில் உட்கார்ந்திருப்பார். ஆள் இருக்கிற வீடு என்று தெரியட்டும் என்று வாசல்களைக் கூட்டிவிடுவார். அதனால் அந்த ஒழுங்கையில் ஓடு களவு போகவில்லை, கதவு நிலை பெயரவில்லை. திரும்பி வந்தவர்கள் வந்த அன்றே சமைத்துச் சாப்பிட்டார்கள். தெருவை அகலப்படுத்தப் போகிறோம், விறாந்தைத் தூண்களை எடுக்கவேண்டும் என்று ஒருமுறை அளவுக்கு வந்தார்கள். மிஸி மாநகரசபைக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் நடந்த நடையில் அவருடைய செருப்புத் தேய்ந்தது, அவர்களுடைய மனமும் தேய்ந்தது. தூண்கள் நின்றன. இதிலெல்லாம் எனக்குப் பங்கில்லை. இல்லாத பங்கை நான் கேட்கமாட்டேன்.

என் பங்கு தொடங்குவது பிரச்சினை முடிந்து, பாதை திறந்து, வெளியாட்கள் வரத் தொடங்கியபோது. கொழும்பில் இருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். வாவி தெரிகிற ஹோட்டல் கட்டுவதற்கு அந்த ஒழுங்கை முழுவதும் வேண்டும் என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லி ஏமாற்ற வந்தவர் இல்லை. வந்தவர் ஒரு பிழை விட்டார். ஒழுங்கையில் இருந்த ஆண்களையெல்லாம் ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்து, விலை பேசினார். ஆண்களும் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, ஆலோசிக்கிற மாதிரி ஆலோசித்து, சரி என்று கைகொடுத்து விட்டார்கள். மட்டக்களப்பில் பெண் எடுத்தவன் பெண் வீட்டுக்குத்தான் போவான் என்பதும், வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகத்தான் போகும் என்பதும் அந்தப் பெரிய மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. கைகொடுத்த ஆண்களில் ஒருவருக்கும் அந்த ஒழுங்கையில் ஒரு ஓடு சொந்தமில்லை. எல்லோரும் மருமகன்மார்.

இதைக் கேட்டு மிஸி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம். கூரையில் நான் ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன், கீழே நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டியா மனே, குந்தியிருக்கிறவனிட்டப் போய்க் கதிரைய விலைக்குக் கேட்டிருக்கார்."

அடுத்த ஞாயிறு, பூசையும் ஆராதனையும் முடிந்த நேரம், ஒழுங்கையின் பெண்களையெல்லாம் தன் விறாந்தைக்கு வரச்சொன்னார். கலியாணம் முடித்து அங்கேயே இருப்பவர்கள், வீட்டை வாடகைக்கு விட்டு வெளியே இருப்பவர்கள், காத்தான்குடியில் இருந்து வியாபாரியின் மகள், எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் மிஸியின் கைக்குள் விழுந்து பிறந்தவர்கள். எனக்கும் அங்கே வேலை இருந்தது, ஏணியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மிஸி அதிகம் பேசவில்லை. ஒவ்வொருத்தியும் பிறந்த அறையைச் சொன்னார். தாய் பட்ட பாட்டைச் சொன்னார். அந்த அறையை இடிக்கக் கையெழுத்து வைப்பீர்களா என்று கேட்டார். பெண்கள் தங்கள் தங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வென்றுவிட்டேன் என்ற மாதிரி மிஸி குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது மூலை வீட்டு அக்கா எழும்பினார். நல்ல வாய்க்காரி, மனதில் உள்ளதை வாயில் வைத்திருக்கிறவர். ஒழுங்கையில் மற்றப் பெண்கள் எதற்கும் முதலில் அவருடைய முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"மிஸி, என்னப் பெத்த அறையக் கும்பிடுறன். நீங்க சொன்னா விழுந்தும் கும்பிடுறன். கும்பிட்டுப்போட்டு எங்க கா குளிக்கிற?"

மிஸி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு விறாந்தை தெரியுது, தூண் தெரியுது. எனக்குக் குசினி தெரியுது. புகை போக வழியில்ல, பகல்லயும் லைட் போட்டாத்தான் உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியும். மாரியில வளவுக் கோடிக்குக் குடையப் புடிச்சிட்டுக் கக்கூசுக்கு ஓடுற ஆம்பிளையா? நாங்கதானே. இந்த மனிசன் விக்கச் சொன்னதுக்காக நான் விக்கல்ல. எனக்கே விக்கத்தான் விருப்பம்."

"ஓம் கா, உள்ளதத்தான் சொல்றா" என்று இன்னொருத்தி. காத்தான்குடியில் இருந்து வந்த வியாபாரியின் மகள் மெதுவாக, "என்ட உம்மா இந்தக் குசினியிலதான் மிஸி இருமி இருமிப் போனா" என்றாள். மிஸி குடையை மடியில் இருந்து எடுத்துக் கீழே வைத்தார். ஆண்களிடம் கேட்டது பிழை என்று சிரித்தவர், பெண்களிடம் கேட்டால் விற்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தார். விற்பதற்குக் காரணம் உள்ளவர்களே அந்தப் பெண்கள்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஏணியில் நின்றவனுக்கு அங்கே பேச உரிமை இல்லை. ஆனால் நான் பேசினேன். என் வாழ்க்கையில் நான் கட்டியது எல்லாம் எனக்கு உரிமை இல்லாத இடத்தில் வாயைத் திறந்ததால் கட்டியதுதான். மூலை வீட்டு அக்காவிடம் சொன்னேன், "அக்கா, முன்பக்கம் அப்படியே கிடக்கட்டும். பின்வளவில வாவிப் பக்கமா ஒரு குசினியும் குளிக்கிற அறையும் கக்கூசும் நான் கட்டித்தாறன். புடிச்சா வைச்சிருங்க. புடிக்காட்டி நானே உடைச்சு அள்ளிட்டுப் போறன். அதுக்குப் பிறகு வில்லுங்க."

அக்கா யோசிப்பதற்குள் மிஸி எழும்பிவிட்டார். "ஒண்டும் கட்டத் தேவல்ல. எங்கட அப்புமார் கட்டின வீட்டில ஒரு கல் கூட்டவும் விடமாட்டன், ஒரு கல் கழிக்கவும் விடமாட்டன்."

நானும் விடவில்லை. ஏணியில் இருந்து இறங்கி வந்து சொன்னேன். "மிஸி, இந்த ஒழுங்கையில வீட்டில பிள்ளை பெறுறது ஆபத்தெண்டு சொல்லி எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது ஆர்? நீங்கதானே. அந்த அறை அப்படியே இருக்கட்டும், நீங்க மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போங்க எண்டு சொன்னீங்க. குசினிக்கும் அதத்தான் நான் சொல்றன்."

ஒழுங்கையில் யாரும் மிஸியிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தெருவில நிண்டு பார்த்தா தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

"உடைப்பன்."

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. கட்டத் தொடங்கிய பிறகுதான் நான் எந்தப் பொறியில் தலையைக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரிந்தது. வாவிப் பக்கம் தாழ்ந்த நிலம், மாரியில் தண்ணீர் ஏறும். ஆகவே தளத்தை உயர்த்தவேண்டும். மிஸியோ கூரையைப் பதிக்கச் சொல்கிறார். கீழே இருந்து தண்ணீர் தள்ளுகிறது, மேலே இருந்து மிஸி அமுக்குகிறார். நடுவில் நிற்கிற அறையில் ஒரு பெண் நிமிர்ந்து நின்று சமைக்கவேண்டும். இதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது? நான் பின்வளவில் ஒரு மூங்கிலை நட்டு, கூரை எழும் உயரத்தில் அதில் சிவப்புத் துணி கட்டினேன். மிஸி தெருவில், திறந்த முன்பின் கதவுகளுக்கு நேரே, எதிர்ப்பக்க மதிலோடு போய் நின்றார். துணி ஓட்டுக்கு மேலே தெரிந்தால் குடையை உயர்த்துவார், நான் இறக்குவேன். தெரியாவிட்டால் குடையைத் தாழ்த்துவார். குடை ஏறுவதும் இறங்குவதுமாக அந்தக் காலை முழுவதும் போனது. தெருவால் போன ஒரு மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன மிஸி, ரயிலுக்குக் கொடி காட்டுறீங்களா" என்று கேட்டார். மிஸி திரும்பிப் பார்க்காமலே, "ஓம், நீ தண்டவாளத்தில நிக்கிறாய், தள்ளி நில்லு" என்றார்.

அன்று மத்தியானம், வாவிக் கரையில் இருந்து கட்டுச்சோறு தின்னும்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. கூரை ஏன் இரண்டு பக்கமும் ஒரே உயரமாக இருக்கவேண்டும்? வீட்டுப் பக்கம் குனியட்டும், வாவிப் பக்கம் நிமிரட்டும். தெருவில் நிற்கிறவரின் பார்வை முன்வீட்டு ஓட்டைத் தாண்டி மேலே ஏறிப் போகும், அதற்குக் கீழே நிமிர்கிற கூரை தெரியாது. உள்ளே நிற்கிறவளுக்கு உயரமும் வெளிச்சமும் கிடைக்கும். குனிந்த பக்கத்தால் மழைத்தண்ணீர் பழைய சுவரில் விழாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற அகலத்துக்கு வெறும் இடம் விட்டு, பீலி வைத்துத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பினேன். நிமிர்ந்த பக்கத்தில், சுவர் அகலத்துக்கு ஒரு யன்னல். பழைய வீடுகள் எல்லாம் தெருவைத்தான் பார்த்தன, வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன. அந்த ஒழுங்கையில் வாவியைப் பார்க்க முகம் வைத்தவன் நான்.

லொறி அந்த ஒழுங்கைக்குள் வராது. அதனால் கல்லும் மண்ணும் பழுகாமத்துத் தோணிகளில் வாவியால் வந்து இறங்கின. என் ஊர்ப் பொடியன்கள் கிணற்றில் துலா வலிக்கிற கைகளால் கல் ஏற்றினார்கள். காத்தான்குடி முதலாளி, நான் கட்டிக்கொடுத்த கடையில் மிஞ்சிய, தரைக்குப் போடும் மாபிள் துண்டுகளை எடுத்துக்கொண்டு போ என்றார். ஒன்றோடொன்று நிறம் சேராத துண்டுகள். அவற்றைச் சேர்த்து நான் போட்ட நிலத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வந்த வீட்டுக்காரிகள் எல்லோரும் எனக்கும் அந்த மாதிரித்தான் வேண்டும் என்று நின்றார்கள். எங்கே போவது? நல்ல மாபிளை வாங்கி உடைத்துப் போட்டேன்.

வேலை முடிந்த அன்று மூலை வீட்டு அக்கா பால் காய்ச்சினார். ஐயரும் வந்தார், மிஸியும் வந்தார். பால் பொங்கியது. அதற்குப் பிறகு எல்லோரும் போகவில்லை, அக்கா என்ன சொல்லுவார் என்று நின்றார்கள். அக்காவின் கணவர், கொழும்புக்காரருக்குக் கைகொடுத்தவர், வாசலில் நின்றார். அக்கா வாவியில் பிடித்த செத்தல் மீனை எடுத்து எண்ணெய்ச் சட்டியில் போட்டார். புகை யன்னலால் வாவிக்குப் போனது. அவர் மீனைப் பிரட்டினார், வெளியே பார்த்தார். தூரத்தில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். திரும்பவும் பிரட்டினார், திரும்பவும் பார்த்தார். இப்படியே மீன் பொரிந்து முடிந்தது. அடுப்பை நூர்த்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த ஐயாவுக்குச் சொல்லிவிடுங்க. இனி என்ன இதுக்குள்ளால எழுப்ப ஏலாது எண்டு."

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப நான் கைகுடுத்தது?" என்றார்.

"உங்கட கைதானே. குடுத்தா குடுத்ததுதான். வீடு என்ட."

ஒழுங்கையே சிரித்தது. மனிதரும் சிரித்தார். மிஸி சிரிக்கவில்லை. அவர் எழும்பி வெளியே போய், தெருவில், எதிர் மதிலோடு நின்று பார்த்துவிட்டு வந்தார். தெரியவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது குடை நுனியால் என் புதுச்சுவரில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். நல்லது என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை என்று சொன்னால் அது பொய்.

கொழும்புக்காரர் வேறு கரையில் இடம் பார்த்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வீடாக எனக்கு வேலை வந்தது. வெளியே இருந்த பெண்கள் வாடகைக்காரரை எழுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்கள். சீதனத்துக்குப் புது வீடு கட்டினால்தான் மாப்பிள்ளை என்று நின்ற தாய்மார், பழைய வீட்டையே மகளுக்கு எழுதினார்கள். முன்பக்கத்தில் ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மிஸி அதற்குக் காவல் இருந்தார். மற்றத் தெருக்காரர் வந்து கேட்டபோது மிஸி அங்கேயும் போய்ப் பேசினார், பின்னாலேயே நான் மூங்கிலோடு போனேன். மிஸியின் குடையைக் கண்டால் என் மூங்கில் வரும் என்று டவுனில் ஒரு கதை.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஒழுங்கை இருக்கிறது. அங்கே முன்பக்கம் எங்களுடையதை விட வடிவு. படித்த ஆட்கள் வந்து, ஒன்றையும் தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். இன்று அங்கே பெரும்பாலான வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. ஒன்றின் கூரை நடுவால் முறிந்து கிடக்கிறது. அங்கே யன்னல்களைத் திறந்துவிட ஒரு மிஸியும் இல்லை, உள்ளே சமைக்க ஒரு குசினியும் இல்லை. நான் சொல்வதற்கு வேறு சாட்சி வேண்டுமென்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

அந்த ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டுக்கு நான் பின்பக்கம் கட்டவில்லை. அது மிஸியின் வீடு. எல்லா வீட்டுக்கும் விட்டவர் தன் வீட்டுக்கு விடவில்லை. அப்பு கட்டினது அப்படியே இருக்கட்டும் என்றார். ஒவ்வொரு வருடமும் நான் கேட்பேன், ஒவ்வொரு வருடமும் குடையை நீட்டி வாசலைக் காட்டுவார். வயது போய், முழங்கால் மடங்காமல், வளவுக் கோடிக்கு நடக்க முடியாமல் போனபோதும் அதே பதில். மூலை வீட்டு அக்காதான் பிடித்துக்கொண்டு போவார், கொண்டுவந்து விடுவார். ஒரு மாரியில் வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல்.

"மனே, எனக்கும் ஒண்டு கட்டு."

நான் எழும்பிப் பின்வாசல் வரை போய் வளவைப் பார்த்துவிட்டு வந்தேன். 

"சந்தோசமா உனக்கு?"

"ஓம் மிஸி."

"இருக்கும். எத்தின வருசம் கேட்டாய்."  அக்கா பக்கத்தில் நின்றார், மிஸி இதைச் சொன்னதற்கு அவர் இன்றைக்கும் சாட்சி. "நான் முன்பக்கத்துக்குக் காவல் இருந்தன் கா. நீ பின்பக்கம் கட்டாட்டி நான் வெறும் வளவுக்குத்தான் காவல் இருந்திருப்பன்." பிறகு கட்டில் காலில் மாட்டியிருந்த குடையை எடுத்து என் கையில் தந்தார். "எனக்கு எதிர்ப்பக்கம் போய் நிக்க ஏலாது. நீயே நிண்டு பார். தெரியக் கூடாது, சொல்லிப்போட்டன்."

மூங்கிலை என் ஆள் ஒருவன் பிடித்தான். நான் மதிலோடு போய் நின்றேன், மிஸி நின்ற அதே இடத்தில். இத்தனை காலமும் நான் அந்த ஒழுங்கையைப் பின்பக்கத்தில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் மிஸி பார்த்ததைப் பார்த்தேன். தூண்கள் வரிசையாகப் போய் வாவி வெளிச்சத்தில் முடிந்தன. ஓடுகள் ஒன்றோடொன்று தோள் சேர்த்து நின்றன. அதற்கு மேலே சிவப்புத் துணி கொஞ்சமாகத் தெரிந்தது. மூலை வீட்டுக்கு மிஸி எவ்வளவு இறக்கச் சொன்னாரோ, அதைவிட ஒரு விரல் கூடுதலாக இறக்கினேன். சும்மா இல்லை, மிஸியின் வீடு அது. அந்தப் புது அறையின் யன்னலோரம் கதிரை போட்டு, வாவியைப் பார்த்துக்கொண்டு அவர் இரண்டு மாரி இருந்தார். அங்கேயே போனார்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். ஒழுங்கையின் வாயிலில் கருங்கல் நட்டு, மிஸியின் பெயரையும், இந்தப் பழைய குடியிருப்பைக் காத்தவர் என்றும் வெட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு சரி. அந்தக் கல்லுக்குப் பீடம் கட்டி நட்டவனும் நான்தான். திறப்பு விழாவில் இரண்டாம் வரிசையில் இருந்தேன். பேசியவர்கள் தூணைப் பேசினார்கள், ஓட்டைப் பேசினார்கள், யன்னலைப் பேசினார்கள். பின்பக்கத்தை ஒருவரும் பேசவில்லை. விழா முடிந்த பிறகு கல்லை நட வைத்த மரபுரிமைப் பிரிவில் வேலை செய்யும் தம்பியிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார்: "ஐயா, நீங்க கட்டினது புதுசுதானே. மரபுக்குள்ள வராது. கல்லில போட ஏலாது." அவர் சொல்வதும் விளங்குகிறது. நான் கட்டியது தெருவில் தெரியக்கூடாது என்பதுதான் மிஸியோடு நான் செய்த உடன்படிக்கை. தெரியாமல் கட்டினேன். அவ்வளவு நன்றாகத் தெரியாமல் கட்டிவிட்டதால் இப்போது என்னையும் தெரியவில்லை.

ஆனால் தம்பி, ஒன்றைக் கேளுங்கள். படம் பிடிக்க வருகிறவர்கள் அந்த விறாந்தையில் ஒரு அக்கா தலை கோதிக்கொண்டிருப்பதையும், யன்னலில் பிள்ளைகள் தொங்குவதையும்தான் படம் பிடிக்கிறார்கள். பூட்டிய கதவைப் பிடிக்க இரண்டு தெரு தள்ளிப் போகலாமே. அந்த அக்கா ஏன் அங்கே இருக்கிறார்? பின்னால் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுக்காரரைக் கூட்டிவருகிறவர்களும் அவர்களைப் பின்னால் கூட்டிப் போங்கள், அக்காமார் தேத்தண்ணி தருவார்கள். குனிந்த கூரையைக் காட்டுங்கள், நிறம் சேராத மாபிளைக் காட்டுங்கள், யன்னலால் வாவியைக் காட்டுங்கள்.

மிஸியின் பெயருக்குக் கீழே வெறுங்கல் இருக்கிறது. நட்டவனுக்குத் தெரியாதா எவ்வளவு இடம் என்று. அதில் 'பின்பக்கம் கட்டியவர்' என்று போட்டு என் பெயரை வெட்டுங்கள். எழுத்து மிஸியின் எழுத்தைவிடச் சின்னதாக இருக்கவேண்டும், அதை நானே சொல்கிறேன். ஆனால் இருக்கவேண்டும். காலையில் நடக்கப் போகும்போது ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைக் குடை நுனியால் தட்டிப் பார்க்கிறேன். நல்ல கல், உள்ளே வெடிப்பில்லை. இன்னும் ஒரு பெயர் தாங்கும்.